டெக்சஸ் பன்றிக்கு ஒரு விசா

விதி இப்படிச் சொல்கிறது: பயணத்துக்குக் காரணங்கள் பல இருந்தால், அவற்றுள் முதன்மையானது எதுவோ அதையே விண்ணப்பதாரர் கூற வேண்டும். கேட்கப்படாத எதையும் கூற வேண்டியதில்லை.

நாட்டுக்கு நாடு வாசகம் மாறும், சாரம் மாறாது. இந்த விதியைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து முப்பது வருடங்களுக்கு மேல் அமுல்படுத்தியவன் நான். முதலில் இலங்கையில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகம் ஒன்றில். பிறகு லண்டனில் ஒரு கவுன்சிலில். ஓய்வு பெற்ற பின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கும் உறவினர்களுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். இலவசமாகக் கிடைப்பதை எங்கள் ஆட்கள் எந்த அளவுக்கு மதிப்பார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை.

அது ஒரு பனிக்கால முற்பகல். மத்திய லண்டனில் ஒரு பூங்காவின் ஈர வாங்கில் நான் உட்கார்ந்திருந்தேன். எதிரே விசா அலுவலகம். துணைக்கு வருகிறவர்களை உள்ளே விடமாட்டார்கள். என் காலடியில் ஒரு புறா யாரோ விட்டுப்போன சாண்ட்விச் கடதாசியை உரித்துக்கொண்டிருந்தது. உள்ளே என் மச்சான் சூசை. என் தங்கை பிலோமினாவின் கணவர். ஒரே மகளின் கல்யாணத்துக்கு அமெரிக்கா போவதற்கு விசா கேட்கப் போயிருந்தார்.

வெளியே வந்தபோது அவர் முகம் கோவிலில் முதல் நன்மை வாங்கிய பிள்ளையின் முகம்போல இருந்தது.

"எல்லாம் நல்லபடி முடிஞ்சுது மச்சான். அந்தப் பெட்டை சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சாள்."

"என்ன கேட்டவ?"

"என்னத்துக்குப் போறீர் எண்டு கேட்டாள்."

"கலியாணத்துக்கு எண்டு சொன்னீர்தானே?"

சூசை பத்திரங்கள் அடுக்கிய கோப்பை ஒரு கக்கத்திலிருந்து மற்றக் கக்கத்துக்கு மாற்றினார்.

"சுடப் போறன் எண்டு சொன்னன்."

புறாகூட நிமிர்ந்து பார்த்தது.

பன்றி வந்த வழி

மகள் யசிந்தா படிக்கத்தான் டெக்சஸ் போனாள். படித்தாள், வேலை எடுத்தாள், பிறகு கிரெக் என்ற ஒரு வெள்ளைக்காரப் பையனையும் எடுத்தாள். பையன் கத்தோலிக்கன். அதில் குறை சொல்ல முடியாமல் போனது சூசைக்குப் பெரிய இழப்பு. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத மனிதர் மௌனத்தை எடுத்துக்கொண்டார். மாதக்கணக்கில் மகளோடு கதைக்கவில்லை. கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸ் என்ற பகுதியில் அவர்கள் வீடு; அங்கே தொலைபேசி மணி அடித்தால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். லண்டன் மழையில் ஒரு மனிதன் எவ்வளவு நேரம் ரோசாச் செடியைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியும் என்று பிலோமினா சன்னலால் பார்த்துக்கொண்டிருப்பாளாம்.

அப்படி ஒரு நாள் பிலோமினா குளித்துக்கொண்டிருக்கையில் மணி அடித்தது. சூசையே எடுக்க வேண்டியதாயிற்று. மறுமுனையில் மகள் இல்லை, மாப்பிள்ளையின் தகப்பன். பெயர் டேல். மாட்டுப் பண்ணைக்காரர். ஊர் எப்படி, மழை எப்படி என்று விசாரித்துவிட்டு, அந்த ஊரில் சம்பந்திகள் ஒருவரை ஒருவர் கேட்கும் கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

நீங்கள் வேட்டையாடுவீர்களா?

இல்லை என்பது மூன்றே எழுத்துச் சொல். ஆனால் சூசையின் வாயில் அது ஒருநாளும் வந்ததில்லை. "ஓம், சின்ன வயசிலயிருந்து" என்றிருக்கிறார், ஆங்கிலத்தில்.

அப்படியானால் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னமே என் பண்ணைக்கு வாருங்கள், காட்டுப்பன்றி சுடுவோம், அதிர்ஷ்டம் இருந்தால் ஹாவெலினா என்ற அந்த ஊர்ப் பிராணியும் கிடைக்கும் என்றார் டேல். கல்யாணம் தவக்காலத்துக்கு முந்திய கடைசிச் சனிக்கிழமை என்று ஏற்கெனவே நிச்சயமாகியிருந்தது. உயிர்ப்புப் பெருவிழா வரைக்கும் நீளும் அந்த நோன்புக் காலத்தில் எங்கள் கோவில்களில் கல்யாணம் வைப்பதில்லை. விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிவிட்டால் பிறகு மேளமும் இல்லை, அன்றைக்கு இறைச்சியும் இல்லை.

அன்றிலிருந்து கிழமைக்கு ஒரு தடவை சூசையும் டேலும் கதைத்தார்கள். மகளின் பெயர் எடுபடாத ஒரு சம்பந்தம் பன்றியின் முதுகில் ஏறி நடந்தது.

கச்சேரி முற்றத்தில் துவக்குகள்

சூசையின் பன்றிக்கதையை அறியாத தமிழ்க் கத்தோலிக்கர் கிழக்கு லண்டனில் இல்லை. மன்னார்க் காட்டில், ஒற்றை வெடியில், நெற்றிப் பொட்டில். டிசம்பரில் நத்தார் ஒன்றுகூடல்களில் கேக் வெட்டியதும் கதை தொடங்கும். நான் முதலில் கேட்டபோது அந்தப் பன்றி ஒரு நாய் அளவு. கோவில் மண்டபம் பெரிதாகப் பெரிதாகப் பன்றியும் வளர்ந்தது. நான் ஓய்வு பெற்ற ஆண்டில் அது கன்றுக்குட்டியைத் தாண்டியிருந்தது.

நான் வாய் திறந்ததில்லை. ஆனால் எனக்குத் தெரியும். ஏனென்றால், இளம் வயதில் கச்சேரியில் நான் பார்த்த வேலைகளில் ஒன்று துவக்கு அனுமதிப்பத்திரம். தோட்டத்தைப் பன்றி கிண்டுகிறது என்று சொல்லி விவசாயிகள் துவக்கு வைத்திருப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை அவற்றைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அந்த நாட்களில் கச்சேரி முற்றம் சந்தைபோல இருக்கும். சணல் சாக்கில் சுற்றியது, பிடி உடைந்து கம்பியால் கட்டியது, சுட்டால் முன்னுக்குப் போகுமா பின்னுக்கு வருமா என்று உடையவனுக்கே தெரியாதது. எண்ணெயும் துருவும் வியர்வையும் கலந்த ஒரு மணம். அந்த வரிசையில் நின்ற முகங்களில் சூசை வீட்டார் முகம் ஒன்றும் இல்லை. அவர்கள் கடற்கரைக்காரர். தகப்பன் கூட்டுறவுச் சங்கக் கடையில் முகாமையாளர். அவர்கள் வீட்டில் இருந்த ஒரே ஆயுதம் தேங்காய் உரிக்கிற அலவாங்கு.

தங்கைக்கு அவரைக் கல்யாணம் பேசிய நாளிலிருந்தே, ஒரு மனிதரின் பன்றியை மற்றவர் தொடக்கூடாது என்பது என் கொள்கை.

மணமில்லாத மனிதன்

டேல் தொலைபேசியில் சொன்ன ஆயத்தங்களைச் சூசை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பாம்புக் கடிக்குத் தப்ப உயரமான சப்பாத்து. முள்ளுக்குத் தப்பத் தடித்த காற்சட்டை. முக்கியமாக, மணம். பன்றிக்குக் கண்பார்வை மட்டு, மூக்குத்தான் எல்லாம். ஆகவே வாசனைச் சவர்க்காரம், சென்ட், தலைக்கு எண்ணெய் ஒன்றும் கூடாது. உடுப்புகளைச் சமையல் வாசனை படாத இடத்தில் வைக்க வேண்டும்.

செவன் கிங்ஸ் வீட்டில் சமையல் வாசனை படாத இடம் எது என்ற விசாரணை ஒரு கிழமை நடந்தது. மேல்மாடி அலுமாரியில் கருவாடு மணந்தது. விருந்தினர் அறையில் பெருங்காயம். கடைசியில் உடுப்புகள் தோட்டத்துக் கொட்டிலில், புல்லு வெட்டும் இயந்திரத்துக்கு மேலே, தொங்கவிடப்பட்டன.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து நான் அங்கே போயிருந்தபோது, பிலோமினா குசினிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். சூசை ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"இஞ்சேரும், கொட்டிலுக்கு மணம் போகுது!"

"போகட்டும். முப்பது வருசம் என்ர கறியைத் திண்ட உடம்பு. உடுப்பைக் கொட்டிலிலை விட்டா, உடம்பை எங்கை விடப் போறியள்?" பிலோமினா என் பக்கம் திரும்பினாள். "அண்ணை, இந்த மனுசன் மூண்டு கிழமையா மணமில்லாத சவர்க்காரத்திலை குளிக்குது. இப்ப பக்கத்திலை வந்து நிண்டாலும் ஆரெண்டு தெரியேல்லை."

"பண்டிக்கும் அப்பிடித்தான் தெரியாது" என்றார் சூசை, பெருமையாக.

"மகளுக்குத் தெரியுமோ? அவளின்ர கலியாணத்துக்கு ஒரு கோட் சூட் எடுக்க வாங்கோ எண்டு ஈஸ்ட் ஹாமுக்குக் கூப்பிட்டன். காலிலை நோவாம். அடுத்த நாள் சப்பாத்து வாங்க அந்தக் காலாலைதான் நடந்து போனவர்."

சூசை கொட்டிலைத் திறந்து புதிதாக வாங்கிய மேற்சட்டையைக் கொண்டுவந்து காட்டினார். இராணுவக் கழிவுப் பொருட்கள் விற்கும் கடையில் எடுத்தது. பச்சையும் மண்ணிறமுமாக வரி வரியாக.

"சூசை, இதைப் போட்டுக்கொண்டு ஒரு இடமும் போகாதையும்."

"ஏன், டெக்சஸிலை எல்லாரும் போடுகினமாம்."

"டெக்சஸிலை பிறந்தவை போடலாம். மன்னாரிலை பிறந்த நீர் போட்டால் அதுக்கு வேறை பேர்."

சிரித்தார். நான் பகிடி விட்டதாக நினைத்துக்கொண்டார்.

அன்றுதான் ஹாவெலினா பற்றிய விளக்கமும் நடந்தது. ஓய்வு பெற்றவனுக்கு நூலகம் பக்கத்தில் இருந்தால் எதையும் வாசிப்பான். நான் அதையும் வாசித்திருந்தேன். பார்வைக்குப் பன்றி. ஆனால் பன்றிச் சாதி அல்ல. முதுகில் ஒரு நாற்றச் சுரப்பி உண்டு. உரிக்கிறபோது கை தவறினால் இறைச்சி முழுவதும் பாழ்.

"பண்டி மாதிரி இருக்குது, பண்டி மாதிரி உறுமுது, பண்டியிலும் கூட நாறுது. பண்டி இல்லையெண்டா அது ஆர் மச்சான்?"

"நீர் இஞ்ச எத்தினை வருசம்? வரி கட்டுறீர், வோட் போடுறீர், மழையைப் பற்றி முறைப்பாடு செய்யிறீர். பிரிட்டிஷ்காரனோ? இல்லை. அதுவும் அப்பிடித்தான்."

இது உண்மை. சூசையிடம் இருந்தது அகதிக்கான நீலப் பயணப் புத்தகம் மட்டும். குடியுரிமைப் படிவத்தை நான் மூன்று தடவை நிரப்பிக் கொடுத்தேன். மூன்று தடவையும் "அடுத்த வருசம் ஊருக்குப் போறவனுக்கு என்னத்துக்கு?" என்று மேசை லாச்சியில் வைத்துவிட்டார். அந்த அடுத்த வருடம் இருபது வருடமாக வந்துகொண்டிருந்தது. பிலோமினாவும் மகளும் எடுத்துவிட்டார்கள். கல்யாண வீட்டுக்கென்று அமெரிக்கா போய்வர பிலோமினாவுக்கு விசாவே தேவையில்லை. சூசைக்குத் தேவை.

இன்னொன்றையும் வாசித்திருந்தேன். ஹாவெலினா அந்த மண்ணின் சொந்தப் பிராணி. ஆகவே அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. இத்தனைக்கு மேல் சுடக்கூடாது. காட்டுப்பன்றியோ வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டுப் பெருகியது. அதை எப்போதும், எத்தனையும் சுடலாம். இந்த வேறுபாட்டை ஓர் அகதிக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்து அதை விட்டுவிட்டேன்.

பறக்காத பன்றி

போகுமுன் ஒருநாளாவது துவக்குப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்ற ஞானம் சூசைக்கு வந்தது. எசெக்ஸ் பக்கம் ஒரு மைதானத்தில் களிமண் தட்டுகளை வானத்தில் எறிந்து சுடப் பழக்குகிறார்கள். அனுமதிப்பத்திரம் இல்லாதவரும் பயிற்சியாளரின் மேற்பார்வையில் அவர்களுடைய துவக்கால் சுடலாம். ஹரோவில் என் பக்கத்து வீட்டு ராஜன் காரைக் கொண்டுவந்தான். மலேசியாவில் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, கணக்காளனாகத் தங்கிவிட்டவன். வேட்டை என்றதும் லீவு போட்டுவிட்டான்.

சேறு, பனி, ஈர நாய்களின் மணம். பச்சை ரப்பர் சப்பாத்துப் போட்ட வெள்ளைக்காரர் கூட்டம். நாங்கள் காரை விட்டு இறங்கி நாலு அடி வைத்திருப்போம். வேலிக்கு அப்பால் யாரோ சுட்டார்கள்.

சூசை குந்திவிட்டார்.

நானும் குந்திவிட்டேன்.

ராஜன் மட்டும் நின்றுகொண்டு எங்களைப் பார்த்தான். "என்னா அங்கிள், ஏதாச்சும் கீழ விழுந்துருச்சா?"

"பேனை" என்றார் சூசை. "பேனை விழுந்திட்டுது."

இருவரும் கொஞ்ச நேரம் புல்லில் பேனை தேடினோம்.

பிறகு காதடைப்பு மாட்டியதும் சூசைக்கு உயிர் வந்தது. அந்த வரிச் சட்டையைத்தான் போட்டு வந்திருந்தார். பயிற்சியாளர் துவக்கைத் தோளில் பொருத்திவிட்டு, தயார் என்றால் சத்தம் போடுங்கள் என்றார். தட்டு பறந்தது. சூசை கண்ணை மூடிக்கொண்டு சுட்டார். துவக்கு தோளில் உதைக்க இரண்டு அடி பின்னுக்கு வந்து என் காலை மிதித்தார். தட்டு தன் பாட்டில் போய்ப் புல்லில் முழுதாக இறங்கியது.

"கொஞ்சம் பின்னால் போய்விட்டது, ஐயா" என்றார் பயிற்சியாளர், ஆங்கில மரியாதையோடு. அந்தக் குண்டு எந்தப் பக்கம் போனது என்பது ஆண்டவருக்கே வெளிச்சம்.

அன்று முழுவதும் ஒரு தட்டும் உடையவில்லை. ராஜன் வாங்கிச் சுட்டான். எல்லாம் உடைந்தது. "ஸ்கூல்ல ஷூட்டிங் கிளப்ல இருந்தேன் அங்கிள். நீங்க ரொம்ப டென்ஷன் ஆகுறீங்க. சும்மா ரிலாக்ஸா சுடுங்க லா."

"பண்டி இவ்வளவு கெதியாப் பறக்காது தம்பி" என்றார் சூசை.

முடிவில் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். பயிற்சிக்கு வந்தார் என்று மட்டும் அதில் இருந்தது. எதையாவது சுட்டார் என்று இல்லை. ராஜன் தன்னுடையதைக் கார் ஆசனத்திலேயே மறந்துவிட்டான். சூசை இல்போர்டில் காரை நிறுத்தச் சொல்லி, தன்னுடையதை லாமினேட் செய்துகொண்டு வந்தார்.

இங்கே எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நேர்முகம் என்றால் போதும், வாழ்நாளில் கிடைத்த எல்லாச் சான்றிதழ்களையும் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு போவோம். ஞானஸ்நானப் பத்திரம், நீச்சல் போட்டியில் மூன்றாம் இடம், இரத்ததானம். கேட்கிறார்களோ இல்லையோ, காட்டுவோம். காகிதத்தால் உயிர் தப்பி வந்தவர்களுக்கு எந்தக் காகிதமும் ஒரு காலமும் தீமை செய்யாது என்று ஒரு நம்பிக்கை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

மறுபடி அந்தப் பூங்கா வாங்குக்கு வருவோம்.

"சுடப் போறன் எண்டு சொல்ல அவ என்ன சொன்னவ?"

"துவக்குப் பழகியிருக்கிறீரோ எண்டு கேட்டாள். ஓம் எண்டன். எங்கை எண்டாள். 'காட்டுக்குள்ள மேடம், மன்னார்ப் பக்கம், சின்ன வயசிலயிருந்து' எண்டன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சும்மா சொல்லேல்லை மச்சான், அத்தாட்சியும் குடுத்தன். அந்த லாமினேட் பண்ணினதை. கூட அந்தப் படத்தையும்."

"எந்தப் படம்?"

"ராஜன் எடுத்தது. நான் துவக்கோடை நிக்கிறது."

"வரிச் சட்டையோடையோ?"

"ஓம். நல்லா விழுந்திருக்குது."

"படம் காட்டச் சொல்லிக் கேட்டவையோ?"

"கேக்கேல்லை. நானாத்தான் காட்டினன். உள்ளயிருந்து பெரியவர் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டினவ. அவரும் வடிவாப் பாத்தவர். பிறகு இதைத் தந்தவை." ஒரு நிறக் கடதாசியை நீட்டினார். மேலும் பரிசீலனை தேவைப்படுகிறது, அறிவிக்கும்வரை காத்திருக்கவும் என்று அதில் இருந்தது. "மற்ற ஆக்களுக்குத் தரேல்லை. எனக்கு மட்டும்தான்."

அலுவலகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். இலங்கை அகதி, கையில் நீலப் புத்தகம், சிறுவயதிலிருந்து காட்டில் ஆயுதப் பயிற்சி என்று தானே வாக்குமூலம், அதற்கு லாமினேட் செய்த சான்று, சீருடையில் படம். அந்தக் கதிரையில் நான் இருந்திருந்தால் இன்னும் இரண்டு பெரியவர்களைக் கூப்பிட்டிருப்பேன்.

நிலைமையை விளக்கிச் சொன்னேன். சூசையின் முகம் மெல்ல மெல்ல இறங்கியது. நிலக்கீழ் ரயிலில் இருவரும் எதிரெதிரே இருந்து வந்தோம். இடையில் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தார்.

"மச்சான், அப்ப கலியாணத்துக்கும் போகேலாதோ?"

பாலை மரம்

சில நாட்களில், ஆயுத அனுபவம் பற்றி எழுத்தில் விளக்கம் தருமாறு கேட்டுக் கடிதம் வந்தது. நல்ல அறிகுறி. விளக்கம் கேட்பவர்கள் இன்னும் கதவைச் சாத்தவில்லை. ஒரு சனிக்கிழமை சூசை ஹரோவுக்கு வந்தார். குசினி மேசையில் நான் கடதாசியை விரித்தேன்.

"இப்ப உண்மையைச் சொல்லும். அந்தப் பண்டியை ஆர் சுட்டது?"

"ஒருத்தரும் சுடேல்லை. அது ஓடிப் போட்டுது."

"நீர்?"

"நான் மரத்திலை."

விறகு வெட்டப் போன ஊர்ப் பெரியவர்களோடு உழவு இயந்திரப் பெட்டியில் இவரும் போயிருக்கிறார். பற்றைக்குள்ளிருந்து பன்றி வந்திருக்கிறது. மற்றவர்கள் கல்லெறிந்து கலைத்துவிட்டு விறகு வெட்டியிருக்கிறார்கள். இவர் பாலை மரத்தில் ஏறியவர், விறகு ஏற்றி முடிந்தும் இறங்கவில்லை. கடைசியில் கெஞ்சி இறக்கியிருக்கிறார்கள்.

"துவக்கு?"

"அங்கை துவக்கே இல்லை மச்சான்."

எழுதத் தொடங்கினேன். சூசை என் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"'சுட்டதில்லை' எண்டு போட வேண்டாம். 'சுட்ட ஞாபகம் இல்லை' எண்டு போடுங்கோ."

"அப்பிடிப் போட்டால், ஆரைச் சுட்ட ஞாபகம் இல்லை எண்டு அடுத்த கடிதம் வரும்."

"மரத்தை எண்டாலும் விடுங்கோவன்."

"மரந்தான் உம்மைக் காப்பாத்தப் போகுது. இருக்கட்டும்."

எசெக்ஸையும் மறைக்காமல் எழுதினேன். சுட்டார், ஒன்றிலும் படவில்லை. பங்குச் சுவாமியும் ஒரு வரி எழுதித் தந்தார்: இவருடைய வேட்டைக் கதையை ஒவ்வொரு நத்தாருக்கும் கேட்டிருக்கிறேன், ஒரு தடவையும் நம்பியதில்லை. என் உத்தியோக வாழ்க்கையில் இவ்வளவு பயனுள்ள சான்று கண்டதில்லை. சூசை அதை வாசித்துவிட்டு இரண்டு ஞாயிறு பூசைக்குப் போகவில்லை.

அவர்கள் அனுப்பிய தாளில் ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. பயணத்தின் முதன்மை நோக்கம் மகளின் திருமணம் என்றால், அதை ஏன் நேர்முகத்தில் கூறவில்லை?

"இதுக்கு என்ன எழுதட்டும்?"

சூசை கொஞ்ச நேரம் மேசை விரிப்பின் நூலை இழுத்தார்.

"அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலை இருந்த பெட்டைக்கு எங்கட யசிந்தாவின்ர வயசு மச்சான். சிரிப்பும் அதுதான். மகளின்ர கலியாணம் எண்டு சொல்ல வாயைத் திறந்தன், அது வரேல்லை. இத்தினை மாசம் அவளோடை கதைக்காமல் இருந்திட்டு, ஆரோ ஒரு பிள்ளைக்கு முன்னாலை அழுறதோ? பண்டி எண்டு சொல்லிப் பாத்தன். அது வந்துது."

நான் எழுதினேன்: விண்ணப்பதாரர் நேர்முகத்தின்போது பதற்றமடைந்திருந்தார்.

அன்று மாலையே, பிலோமினாவின் கட்டளைப்படி, டேலுக்கும் உண்மை சொல்லப்பட்டது. தொலைபேசியில் அவர் சிரித்த சிரிப்பு மேசைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. சூசை நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். வைத்தபோது நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"மச்சான், அங்கை வேட்டைக்காரர் எல்லாரும் மரத்திலைதான் ஏறி இருக்கிறவையாம். அதுக்கெண்டு மேடை கட்டி வைச்சிருக்கினமாம். கீழ நிண்டா பண்டி மணந்து பிடிச்சிடுமாம்." ஒரு மிடறு தேநீர் குடித்தார். "நான் அப்பவே முறைப்படிதான் செய்திருக்கிறன்."

மகளுக்கும் அவரே தொலைபேசி எடுத்தார். நான் எழுந்து போகப் பார்த்தேன். கையைப் பிடித்து இருத்தினார். மகள் அரைவாசி ஆங்கிலத்தில்தான் கதைத்தாள். மரத்துக் கதை முடியுமுன்பே, "ஐ நோ, அப்பா. அம்மா எப்பவோ சொன்னவ" என்றாள். பிறகு, கல்யாணத்தைத் தள்ளிப் போடட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாம் பிள்ளை. நல்ல காரியத்தைத் தள்ளக்கூடாது. நான் வந்திடுவன்."

தொலைபேசியில் ஒரு பூசை

விசா அலுவலகத்திலிருந்து மறுமொழி வரவில்லை. கல்யாணக் கிழமை வந்தது. பிலோமினா தனியே விமானம் ஏறினாள். நான் செவன் கிங்ஸ் வீட்டில் வந்து தங்கினேன். தபால் போடுகிற சத்தம் கேட்டால் சூசை மாடியிலிருந்து இறங்குகிற வேகத்தில் வீடு அதிரும். பீட்சாக் கடை விளம்பரங்களை அவ்வளவு கவனமாக வாசித்த மனிதரை நான் கண்டதில்லை.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரம் பிலோமினா தொலைபேசி எடுத்தாள். சூசைக்கென்று வைத்திருந்த வேட்டை வீணாகப் போகக்கூடாது என்று டேல் அவளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். கூடக் கொண்டுபோயிருந்த சூசையின் சப்பாத்தில் துணி அடைத்துப் போட்டுக்கொண்டு, மரத்து மேடையில், செபமாலை உருட்டிக்கொண்டு இருந்தாளாம்.

"பண்டி வந்ததே?" சூசைக்கு மூச்சு வாங்கியது.

"ஓம், வந்துது. பெரிசு. நீங்கள் சொல்லுற அளவு இல்லை. டேல் துவக்கை என்ர கையிலை தந்தார், சுடுங்கோ எண்டு."

"சுட்டனீரோ?"

"இல்லை. இது என்ர மனுசன்ர பண்டி, அவர் வந்து சுடுவார், விடுங்கோ எண்டு சொல்லிப்போட்டன். அது எங்களைப் பாத்துப்போட்டு மெல்ல நடந்து போட்டுது."

சனிக்கிழமை அங்கே நண்பகல், இங்கே மாலை. சூசை கோட் சூட் போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தார். ஈஸ்ட் ஹாமில், முந்திய கிழமை, நானும் அவருமாகப் போய் எடுத்தது. தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்தோம். அந்தப் பக்கம் யாரோ கைத்தொலைபேசியைக் கோவில் முன்வாங்கில் வைத்திருந்தார்கள். ஓர்கன் சத்தம், இருமல், யாரோ ஒரு குழந்தை. பிறகு தரையில் சப்பாத்துக் குதிகளின் சத்தம். இரண்டு பேருடையது. தாயும் மகளும் என்று தெரிந்தது. சூசை எழுந்து நின்றார். அந்தச் சத்தம் நிற்கும்வரை நின்றார். பிறகு உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், "நடை சரி" என்றார்.

மூன்று நாள் போனது. அடுத்த நாள் காலைப் பூசைக்குப் போய்த் திரும்பினோம். கதவைத் தள்ள, பாயில் ஒரு தடித்த உறை கிடந்தது. சூசை சப்பாத்தைக் கழற்றாமலே உடைத்தார். நீலப் புத்தகத்தில் விசா ஒட்டியிருந்தது. கூடவே அவர் கொடுத்த அத்தாட்சிகளைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்; லாமினேட் செய்தது, படம், எல்லாம். ஒன்றும் குறையவில்லை. நான் முன்பே சொன்னேன், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

சூசை விசாவை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். நெற்றியில் சுவாமி பூசிய சாம்பல் கொஞ்சம் உதிர்ந்து அதன்மேல் விழுந்தது. பெருவிரலால் துடைத்தார்.

அன்று விபூதிப் புதன்.